ஐயாவும் ஒற்றும்

ஐயா இறந்த அன்று காலை 7 மணிக்கெல்லாம் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். கார்த்திகை மாதம், தூறல் விட்டபாடில்லை. ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்த வண்டிக்கு வழி காட்ட நான்தான் முனைக்குப் போனேன். மேகத்துக்கு நடுவே ஐயா சிரிக்கிறார். இரண்டு பக்கமும் புறா பறக்கிறது. கீழே கொட்டை எழுத்தில், “எங்கள் ஆசானின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கலை தெரிவித்து கொள்கிறோம். இவண்: 1986 ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்.”

‘இரங்கலை’க்கு அப்புறம் ஒரு த் இல்லை. ‘தெரிவித்து’க்கு அப்புறம் ஒரு க் இல்லை. விடிய விடிய அழுது கண் வீங்கியிருந்த எனக்கு முதலில் தெரிந்தது அதுதான். சாவு வீட்டில் இப்படியா புத்தி போகும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் ஐயா வளர்த்த பிள்ளைகளுக்கு வேறு எப்படிப் போகும்?

எங்கள் பக்கத்தில் ஐயா என்றால் அப்பாவைப் பெற்றவர். ஊருக்கு அவர் வாத்தியார். 36 வருடம் ஆரம்பப் பள்ளி வேலை, கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு ஊர் முழுவதும் அவருக்கு வகுப்பறை ஆகிவிட்டது. பெட்டிக்கடைப் பலகை, பஸ்ஸின் பக்கவாட்டு எழுத்து, கோயில் உபயக் கல்வெட்டு, ஓட்டுக் கேட்டு வரும் நோட்டீஸ், எதுவும் தப்பாது. சட்டைப்பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. நீலம் அவர் எழுத, சிவப்பு நாங்கள் எழுதியதற்கு.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் நாங்கள் எல்லாரும் அரண்மனையில் பிறந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அரண்மனைக்கு எதிர்வீடு. கோட்டையூருக்கும் புதுவயலுக்கும் நடுவில் எங்கள் ஊர். காற்று திரும்பினால் புதுவயல் ரைஸ்மில்களில் நெல் அவிக்கும் வாசம் வரும். எதிரே இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற செட்டியார் வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். பர்மா தேக்குத் தூண்களை வாட்ச்மேன் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் சென்னையில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் வந்து திறப்பார்கள். எங்களுடையது நாட்டு ஓட்டு வீடு, இரண்டு அறை, ஒரு திண்ணை. ஓய்வு பெற்ற பணத்தில் முன்னறைக்கு மட்டும் ஐயா ஆத்தங்குடிக் கல் பதித்தார். அவ்வளவுதான் எங்கள் பங்குச் செட்டிநாடு.

அந்தப் பெரிய வீட்டின் பக்கச்சுவர் எங்கள் திண்ணைக்கு நேர் எதிரே. அதில் யாரோ பெயிண்டர் எழுதிவைத்திருந்தார்: “சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்.” தினமும் காலையில் காப்பி குடிக்க ஐயா திண்ணையில் உட்காருவார், தினமும் அந்த வரி அவர் முன்னால் நிற்கும். “ஆறு ஆற்றில், சோறு சோற்றில். இது சுவரா, சுவறா?” என்று வாட்ச்மேனைக் கேட்பார். அவர் பாவம், “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க வாத்தியாரே” என்பார். இரண்டு வருடம் பொறுத்தார். ஒரு சாயங்காலம் சுண்ணாம்புச் சட்டியும் மட்டையுமாகப் போய் ‘ற்றி’யை அழித்து ‘ரி’ போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த கல்யாணத்துக்கு வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு நேரே திண்ணைக்கு வந்தார். “சுவத்துல எழுதாதேன்னு போட்ருக்க இடத்துலயே எழுதிட்டீங்களே வாத்தியாரே?”

“எழுதல. திருத்துனேன்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுத ஐயாவைத்தான் உட்கார வைத்தார்.

இதெல்லாம் ஊர் சொல்லிச் சிரிக்கிற கதை. எங்கள் வீட்டுக்கென்று ஒரு கதை உண்டு. அதற்குச் சாட்சி இப்போதும் பீரோவில் இருக்கிறது.

அப்பா, அம்மா கல்யாணப் பத்திரிகை. 1983. காரைக்குடியில் ஒரு அச்சகத்தில் அடித்தது. அப்போது எல்லாம் ஈய எழுத்தைக் கையால் கோத்து அடிப்பதுதான். மூலத்தை ஐயா தன் கையால் எழுதிக்கொடுத்திருக்கிறார், புரூஃபும் பார்த்திருக்கிறார். ஆனால் புரூஃபுக்கு அப்புறம் அச்சுக்கோப்பவர் தன் வழக்கப்படி ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டார். 600 பத்திரிகை கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. பிரித்தால், ‘திருவளர்ச்செல்வன்’, ‘திருவளர்ச்செல்வி’.

உங்களில் பாதிப் பேருக்கு இதில் என்ன தப்பு என்று தோன்றும். வளர்செல்வன் என்பது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கிற, வளரப்போகிற செல்வன், மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. நடுவில் ஒற்று வராது. சுடுச்சோறு என்று யாராவது சொல்வோமா? ஐயா இதை அன்றைக்கு அச்சகத்துக்காரரிடம் பத்து நிமிடம் விளக்கியிருக்கிறார். அவர் மனுஷன், “தப்புதாங்க ஐயா, வேற அடிச்சுக் கொடுத்துர்றேன்” என்றிருக்கிறார்.

ஐயா வேண்டாம் என்றுவிட்டார். 600 அட்டை, மை, கூலி, எல்லாம் அந்த ஆளின் தலையில் விழும். அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகள்.

சரி, அப்படியே கொடுத்துவிடலாமே? அதுவும் முடியாது.

பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் பிளேடு வாங்கிவந்தார். ஒவ்வொரு பிளேடையும் காகிதத்தோடு வைத்து இரண்டாக ஒடித்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முன்னறையில் பாய் விரித்து வீட்டில் இருந்த எல்லாரையும் உட்கார வைத்தார்: சித்தப்பா, அத்தை, அப்பத்தா, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர், அப்புறம் மாப்பிள்ளையான எங்கள் அப்பா. பிளேடின் மூலையால் ச் என்ற எழுத்தை மட்டும் சுரண்ட வேண்டும். அழுத்தினால் அட்டை கிழியும், அழுத்தாவிட்டால் புள்ளி மட்டும் போய் ‘ச’ நிற்கும், அது இன்னும் மோசம். சுரண்டியதும் அட்டை பஞ்சு பஞ்சாக எழும்பும். அதைக் கட்டைவிரல் நகத்தின் முதுகால் தேய்த்துப் படிய வைக்க வேண்டும். பத்திரிகைக்கு இரண்டு இடம். மொத்தம் 1200 ச்.

மூன்று ராத்திரி ஆனதாம். “பத்திரிகை வைக்கப் போக வேண்டிய பய பத்திரிகையைச் சுரண்டிக்கிட்டு உக்காந்துருந்தான்” என்று அப்பத்தா சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். பெண்வீட்டார் பக்கத்தில் வேறு மாதிரிப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டில் ஏதோ பட்டத்தை அழித்திருக்கிறார்கள், என்னவாக இருக்கும் என்று அம்மாவின் சித்தி விளக்கில் பிடித்துப் பார்த்தாராம்.

அந்தப் பத்திரிகையைக் கையில் வாங்கினால் இன்றைக்கும் தெரியும். ‘திருவளர்’க்கும் ‘செல்வ’னுக்கும் நடுவே பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி. விரலால் தடவினால் சொரசொரப்பு. மஞ்சள் தடவிய மூலைகூட மங்கிவிட்டது, அந்தச் சொரசொரப்பு போகவில்லை.

ஐயாவை எல்லாம் தெரிந்த பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எழுத்துச் சீர்திருத்தத்தை அவர் எதிர்க்கவில்லை. 1978 அக்டோபரில் அரசாணை வந்தபோது 13 எழுத்து மாறியது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் ஆரம்பித்த மாற்றம். சுழித்துக்கொண்டு போன ணா, றா, னா எல்லாம் சாதுவாகக் கால் வாங்கிக்கொண்டன. தும்பிக்கை தூக்கி நின்ற ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கையை இறக்கிவிட்டுச் சங்கிலிக் கொம்பு மாட்டிக்கொண்டன. ணா, றா, னாவின் ஒகர, ஓகார உறவுகளும் பின்னாலேயே வந்தன. ஐயா மறுநாளே கரும்பலகையில் புது எழுத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்வார். “பிள்ளைக்குச் சுலபம்னா நல்லதுதானே” என்பதுதான் அவர் கட்சி.

ஆனால் கையெழுத்தை மாற்றவில்லை. அவர் பெயரில் ஒரு ணா-வும் உண்டு, ஒரு லை-யும் உண்டு. (அப்பத்தா கடைசி வரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, நானும் எழுதவில்லை, கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.) இரண்டையும் பழைய வடிவத்தில்தான் போடுவார். ணா ஒரு சுழி சுழித்து அடியில் போய் நிற்கும், லை தலைக்கு மேல் தும்பிக்கையை வீசும். அதை இங்கே உங்களுக்குக் காட்ட முடியவில்லை. கணினிக்கு எந்த லை-யும் ஒரே லைதான். அதற்கென்று உள்ள எழுத்துருவைத் தேடிப் போட்டால்தான் பழைய வடிவம் வரும். வருடா வருடம் பென்ஷனுக்கு உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போவாரே, அங்கே ஒரு வருடம் புதிதாக வந்த பிள்ளை, “தாத்தா, இது எந்த பாஷை?” என்று கேட்டுவிட்டது. ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் ஸ்க்ரிப்ளிங் பேடில் 13 எழுத்தையும் எழுதிக் காட்டிவிட்டு, பின்னால் வரிசையில் நின்ற பென்ஷன்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்கும் ஐயாவுக்கும் இடையில் அஞ்சலட்டைதான். நான் சென்னையில் படித்த காலம், வேலைக்குச் சேர்ந்த காலம், எல்லாம் அட்டையில் இருக்கிறது. சின்ன வயதில், தமிழ் நன்றாக வரட்டும் என்று என்னை நாட்டரசன்கோட்டைக்குத் தூக்கிப்போய்க் கம்பன் சமாதி மண்ணை நாக்கில் வைத்தது அப்பத்தா. மண் தின்றும் எனக்கு ஒற்று வரவில்லை. எங்கே போட வேண்டும் என்று தெரியாது, அதனால் பயத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடுவேன். 2007-ல் முதல் வேலை கிடைத்ததும் ஐயாவுக்கு எழுதினேன்: “எனக்கு வேலைக் கிடைத்துவிட்டது.”

ஒரு வாரத்தில் பதில் வந்தது. மூன்றே வரி.

“குன்றக்குடி முருகன் வெறுங்கையோடு நிற்பதாகக் கேள்வி. உடனே வேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையில் சேரவும். மகிழ்ச்சி.”

வேலை கொடு என்றால் உத்தியோகம். வேலைக் கொடு என்றால் முருகன் கையில் இருப்பது. ஒற்று மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று பள்ளிக்கூடத்தில் பத்துப் பக்கம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மறந்தவள் நான். அந்த அட்டைக்குப் பிறகு இதை மட்டும் மறக்கவில்லை. அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது பல வருடம் இருந்தது.

இதே சிவப்புப் பேனா வேறு வேலையும் செய்திருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு வயதில் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். போன புதிதில், 1988-ல், ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு பக்கம். ஒரே அறையில் 12 பேர், தூக்கம் வரவில்லை, ஊரணிக்கரை ஞாபகமாகவே இருக்கிறது என்றெல்லாம். அப்பா அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. கடைசியில், “உங்களை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது” என்று முடித்திருந்தார்.

ஐயா அதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். ‘உங்களை’க்கு அடுத்து சிவப்பில் ஒரு ப். நான்கு பக்கத்தில் மொத்தம் 19 இடம் என்று முதல் பக்கத்தின் மேலே எண்ணிக்கை வேறு. கூடவே வீட்டு நலத்தைச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் இருந்ததாம். அப்பா அதைப் படித்தாரா என்று தெரியவில்லை.

ஐயா செய்தது தப்பு. இறந்துவிட்டார் என்பதற்காக அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது. அப்பா அதற்கப்புறம் கடிதம் எழுதவில்லை. 1996-ல் திரும்பி வரும்வரை கேசட்தான். யாராவது ஊருக்கு வந்தால் 60 நிமிடக் கேசட்டில் பேசிக் கொடுத்துவிடுவார். பேச்சில் ஒற்று தெரியாதல்லவா? முன்னறையில் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து நாங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்போம். கேட்டு முடித்ததும் மற்றவர்கள் எழுந்து போய்விடுவோம். ஐயா மட்டும் ரீவைண்ட் பண்ணி மறுபடி போடுவார். ராத்திரி விளக்கு அணைத்த பிறகும் அப்பா குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்பத்தா ஒருநாள், “எத்தனை தடவதான் கேப்பீக?” என்று கேட்டபோது ஐயா சொன்னார்: “பழம்ங்கிறானா பளம்ங்கிறானான்னு பாக்குறேன்.”

பளம் என்றுதான் சொல்வார் அப்பா. இன்றைக்கும்.

கோட்டையூர் பற்றிச் சொன்னேன் அல்லவா. பலகை எழுதுகிறவர்களில் ஐயா மரியாதையோடு குறிப்பிட்ட ஒரே ஆள் கோட்டையூர்க்காரர்தான், ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதியவர், பழைய தமிழ்ப் புத்தகம், நோட்டீஸ், நாடக விளம்பரம் என்று கிடைத்ததையெல்லாம் வீடு கொள்ளாமல் சேர்த்தவர். 1992-ல் அவர் காலமான பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நல்லவேளை, சென்னையிலேயே நூலகமாக வைத்துவிட்டார்கள். இப்போது தரமணியில் இருக்கிறது. சென்னைக்கு வந்திருந்த ஐயாவை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பழைய பாடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகத் தும்பிக்கை தூக்கிய லை. ஐயா படிக்கவில்லை, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போது, “சைக்கிள்ல கால் மணி நேரத்துல போய்ப் பாத்துருக்க வேண்டியது. 400 கிலோமீட்டர் வந்து பாக்குறேன்” என்றார். உள்ளூரில் இருந்தபோது ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். பள்ளிக்கூடம், மொய் நோட்டு, புரூஃப் என்று நாள் போய்விட்டதாம்.

கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அதைப் பற்றி நிறையச் சொல்ல விருப்பமில்லை. ஒன்று மட்டும். நான்காவது நாள், பேச்சு நின்றுவிட்டிருந்தது. ஸ்ட்ரெச்சரில் வைத்து ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். நடைவழியில் ஒரு கவுன்டர் முன்னால் வண்டி நின்றது. ஐயாவின் வலது கை மெல்ல எழுந்தது. ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு இடத்தைத் தொட்டு நின்றது. கை தொய்ந்து விழுந்தது. மறுபடி எழுந்து அதே இடத்தைத் தொட்டது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். தலையை ஆட்டினார். சித்தப்பா நர்ஸைக் கூப்பிட ஓடினார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கவுன்டருக்கு மேலே பெரிய நீலப் பலகை: “மருந்து சீட்டு இங்கே பெறவும்.”

மருந்துச் சீட்டு. ச்-க்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் சொல்லிர்றேன் ஐயா” என்றேன். கையை இறக்கிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை நான். யாரிடம் போய்ச் சொல்வது?

இறந்த அன்று மதியம் மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நீர்மாலை எடுத்து வந்தாகிவிட்டது. பேரன் பேத்திகள், அவர்கள் பிள்ளைகள் என்று 11 பேர் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தோம். அப்பா கொள்ளிக்குத் தயாராக, தலை முழுகி ஈர வேட்டியோடு நின்றார். வாய்க்கரிசி முடிந்தது. தூக்கப் போகிற நேரத்தில் அப்பா என் பக்கத்தில் வந்து, “மார்க்கர் எதும் வச்சிருக்கியா?” என்று கேட்டார்.

லேப்டாப் பையில் ஒரு கறுப்பு மார்க்கர் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பா தெருமுனைக்கு நடந்தார். ஈர வேட்டி காலில் ஒட்ட ஒட்ட, 67 வயதில், தூறலில். பேனர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டவர் பேனர் வைத்த 1986 கோஷ்டியில் ஒருவர்தான். ஈரத்தில் மார்க்கர் பிடிக்கவில்லை. தோள் துண்டால் அந்த இடத்தைத் துடைத்தார், வாயால் ஊதினார், மறுபடி எழுதினார், மறுபடி வழிந்தது. கொட்டு அடித்தவர்கள் என்னவென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்பா துண்டை ஒரு கையால் குடை மாதிரிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ‘இரங்கலை’க்குப் பின்னால் ஒரு த். கொஞ்சம் எட்டி, ‘தெரிவித்து’க்குப் பின்னால் ஒரு க். இடம் பத்தாமல் இரண்டும் மேல் வரிசையில் ஏறி நின்றன.

இறங்கி வந்து மார்க்கரை என் கையில் கொடுத்தார். “மூடி கீழ விழுந்துருச்சு, அப்புறம் தேடிக்க” என்றார். பிறகு போய் முன்னால் நின்றுகொண்டார், தூக்கினார்கள்.

கருமாதி அன்று மொய் எழுத யாரை உட்கார வைப்பது என்று பேச்சு வந்தது. 40 வருடம் இந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதற்கும் மொய் நோட்டு ஐயா கையில்தான் இருந்தது. ஊர், பெயர், இன்னார் மகன், தொகை. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் தொழிலைச் சேர்த்துப் போடுவார். பத்து வருடம் கழித்துத் திருப்பிச் செய்யும்போது ஆள் மாறிவிடக் கூடாது அல்லவா. சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் படித்தது இங்கிலீஷ் மீடியம், ‘மாரியம்மன்’ எழுதவே நேரமாகும். பொம்பளைப் பிள்ளை உட்காருவதா என்று ஒரு முனகல் கேட்டது. “அவ எழுத்துத்தான் அவுக எழுத்து மாதிரி இருக்கும்” என்று அப்பத்தா உள்ளே இருந்து சொல்ல, முனகல் நின்றது.

புது நோட்டைப் பிரித்ததும் முதல் சிக்கல். கருமாதி மொய்க்குப் பிள்ளையார் சுழி போடலாமா, கூடாதா? அதைக் கேட்க வேண்டிய ஆள் மாலை போட்ட படத்தில் இருந்தார். போடாமலே ஆரம்பித்தேன்.

பத்து மணிக்கு மேல் கூட்டம் அம்மியது. பெயரைச் சொல்கிறவர் ஒருவர், பணத்தை நீட்டுகிறவர் ஒருவர், பின்னால் இருந்து அவசரப்படுத்துகிறவர் ஒருவர். கை வலி எடுத்துவிட்டது. ஒரு ஐம்பது வயதுக்காரர் வந்து 1001 ரூபாயை வைத்துவிட்டுப் பெயரைச் சொன்னார். “பாத்திரக் கடைன்னு சேத்துப் போட்ரு ஆத்தா. நம்ம பேர்ல ஊருக்குள்ள நாலு பேர் இருக்காய்ங்க.” எழுதினேன். பணத்தைச் சித்தப்பா எண்ணி மஞ்சள் பையில் போட்டார். அந்த ஆள் நகரவில்லை. எதிர்ப் பக்கம் நின்றபடியே, நோட்டைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, தொகை சரிதானே?” என்றேன்.

“தொகை சரிதான். க் விட்டுப்போச்சு.”

பார்த்தேன். ‘பாத்திர கடை’.

“அஞ்சாப்புல ரெண்டு வருசம் உக்கார வச்சாரு என்னைய” என்றார். “இது தெரியாம இருக்குமா?”

நடுவில் இடம் இல்லை. வரிக்கு மேலே சின்னதாக ஒரு க் எழுதி, கீழே அம்பு போட்டேன். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பந்தியில் இலை போட்டாகிவிட்டதா என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.